பிடுங்க முடியாத பந்தக்கால்

இந்தக் கதையின் கடைசியில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். நல்ல சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிடுகிற ரகம், ஆனால் இப்போது தரமாட்டேன். எங்கள் பக்கம் கல்யாணச் சமையல்காரரைத் தவசிப்பிள்ளை என்போம். இலை போட்டவுடனே பாயசம் கேட்கிற பிள்ளைகளைப் பார்த்து அவர் சொல்வார், மூக்குக்குள் ஒரு மிளகு மாட்டிக்கொண்ட மாதிரிக் குரலில், "அவசரப்படாதீய, எல்லாம் வரும்" என்று. நானும் அதே குரலில் அதையே சொல்கிறேன். எல்லாம் வரும்.

என் பெயர் உலகம்மாள், படிப்பு பதினொன்றாம் வகுப்பு. பாடம் சுமாராக வரும், குரல்கள் பிரமாதமாக வரும். தென்காசி வண்டிக் கண்டக்டரின் குரலில் "படியில நிக்காத, மேல ஏறு" என்று நான் சொன்னால் எங்கள் தெருக் கோழிகூட ஒரு படி மேலே ஏறும். கரண்ட் ஆபீஸ் அக்காவின் குரலில் "இன்று காலை ஒன்பது மணி முதல்" என்று ஆரம்பித்தாலே போதும், அக்கம்பக்கத்து மிக்சியெல்லாம் அலறியடித்துக்கொண்டு ஓடத் தொடங்கும். அம்மாவின் தும்மல், வெள்ளாட்டின் கொட்டாவி, நாயனக்காரர் வாசிப்பதற்கு முன்னால் எச்சில் விழுங்குகிற சத்தம், எல்லாம் வரும். "உன் சொந்தக் கொரலு எதுட்டீ, அத ஒருநா காட்டேன்" என்பாள் அம்மா. வராத ஒன்று என்றால் அது அப்பாவின் சிரிப்பு, ஏனென்றால் அதை நான் கேட்டதே இல்லை. அப்பாவுக்குப் பந்தல் கட்டுகிற தொழில், கட்டுகிறவருக்குக் கை இரண்டும் கழியில் இருக்கும், கயிறு பல்லில் இருக்கும்; பல்லில் கயிறோடு எவரும் சிரிக்க முடியாது, அப்பா வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கயிறு வாயில் இருப்பதுபோலவே இருப்பார்.

அப்பா பெயர் தளவாய். பொதிகை அடிவாரத்து மாடக்குழியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பந்தல் தளவாய் என்றால் எவரும் வழி காட்டுவார்கள். கல்யாண வீட்டில் முதல் வேலை பந்தக்கால் நடுவது, அதை அப்பாதான் நடுவார்: நுனியில் இலைக்கொத்து வாடாத பச்சைக் கல் மூங்கில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் நவதானியம் முடிந்த மஞ்சள் துணி, அடிக்குழியில் பாலும் நீரும், அவ்வளவுதான், அந்த நிமிஷத்திலிருந்து அது கல்யாண வீடு. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் தாய்மாமனும் மாப்பிள்ளையும் அந்தக் காலைக் கையாலேயே அசைத்துப் பிடுங்க வேண்டும், இரும்பு படக் கூடாது, பெண்ணைப் பெற்றவர் பிடுங்குவதைப் பார்க்காமல் கிழக்கே திரும்பிச் சொம்போடு நிற்க வேண்டும், பிடுங்கிய பிறகுதான் பெண் வாசலைத் தாண்டிப் புகுந்த ஊருக்குப் போக வேண்டும். இந்த விதிகளையெல்லாம் யார் எழுதினார்களோ தெரியாது, எங்கள் வட்டாரத்தில் காவல் காத்தது அப்பாதான். மழையில் இறுகிக்கொண்ட பந்தக்கால் வராமல், தலைமையாசிரியர் மகள் புதுப்புடவையோடு மத்தியானம் முழுக்கக் காரில் உட்கார்ந்திருந்தாள். அத்தனை பேர் கெஞ்சியும் அப்பா கடப்பாரையைத் தொடவிடவில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் என் அக்கா பரமகல்யாணிக்கு வைகாசியில் கல்யாணம் வந்தது.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பந்தல்காரர் மகள், நடக்கப் பழகியதே சாரத்தில் என்று சொல்லலாம், உயரம் என்றால் அவளுக்கு மெத்தை மாதிரி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிற கிரேனை ஓட்டப் படித்து, வேலையும் வாங்கிவிட்டாள். மாப்பிள்ளை திரவியம் அத்தானுக்கும் அதே துறைமுகத்தில்தான் வேலை, கீழே நின்று பெட்டிகளைச் சரிபார்ப்பார். பேச்சு குறைவு, அண்ணாந்து பார்க்கிற பழக்கம் அதிகம், அதனாலேயே அக்காவுக்குப் பிடித்துப்போனது என்பது என் அபிப்பிராயம். ஆனி மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் அக்கா போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அந்த இருக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பந்தக்காலைக் கொண்டுவருவது தாய்மாமன் பொறுப்பு. சொரிமுத்து மாமா வெட்டிக்கொண்டு வந்திருக்கலாம், எல்லாத் தாய்மாமனும் அப்படித்தான் செய்வார்கள், ஆனால் மாமா இதுவரை செய்த எதையும் எல்லோரும் செய்கிற மாதிரி செய்ததில்லை என்பது அவரே சொல்லிக்கொள்வது. மலையடிவாரத்துத் தோட்டத்தில் புதரோரமாக நின்ற மூங்கிலை அடிக்கிழங்கோடு தோண்டி, தோளில் போட்டு, தெருவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை வேண்டுமென்றே மெதுவாக நடந்து வந்தார். அப்பா கிழங்கைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், நல்ல நேரம் முடிய இருந்ததால் கிழங்கோடு அப்படியே நட்டுவிட்டார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. மைக்செட் கனகு அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் மைக்கை நான் எடுத்துக்கொண்டேன். ஊராட்சித் தலைவர் குரலில் பெண்வீட்டாரைப் பந்திக்கு அழைத்தேன், சம்பந்தியம்மா குரலில் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்தேன், தவசிப்பிள்ளை குரலில் வடை தீர்ந்துபோனதாக அறிவித்து ஒரு சின்னக் கலவரமும் நடத்தினேன். அந்தச் சுறுசுறுப்பில் நான் மட்டும் சாப்பிடவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால், ஒற்றைக் கால் நின்ற இடத்தில் தேர் அகலத்துக்கு ஒரு மூங்கில் புதர் நின்றுகொண்டிருந்தது.

கழியோடு கழி உரசி நின்றது, ஒரு கை நுழைய இடமில்லை. நுனிகளெல்லாம் நாலாப்பக்கமும் வளைந்து எதிர் வீட்டு ஓட்டையும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியையும் தொட்டு, அப்பா கட்டிய தென்னங்கீற்றுப் பந்தலை மேலே தூக்கித் தொப்பிபோல வைத்துக்கொண்டிருந்தன. அம்மா வாசல் தெளிக்க வந்தவள், வாளியை இறக்கி வைத்துவிட்டு, யார் சாப்பிட்டார் யார் சாப்பிடவில்லை என்பதை எந்தக் காலத்திலும் மறக்காதவள், கழிகளின்மேல் கண்ணை ஓட்டினாள். குட்டையும் தடியுமாக ஒன்று, நெட்டையாக முதுகு வளைந்த ஒன்று, ஒட்டிக்கொண்டே நிற்கிற இரட்டை ஒன்று.

"சாப்ட்டவ்வளவு பேரும் நிக்காவ" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் தெளித்தாள்.

அதற்குப் பிறகு தெருவே வந்து அவரவர் கழியை அடையாளம் கண்டுகொண்டது. தலைமையாசிரியர் கழி நேராக நின்றது, யாரையும் தொடவில்லை. போலீஸ்கார ராசையா தன் கழியைத் தட்டிப் பார்த்து, லத்திக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது என்றார். கூடை முடைகிற செல்லக்கனி தன்னுடையது பிளந்தால் எத்தனை கூடைக்கு வரும் என்று கண்ணாலேயே பிளந்து பார்த்தாள். ஏணிக்கு, தூண்டிலுக்கு, மாட்டுக் கொட்டகை வாரைக்கு என்று ஆளுக்கொரு உபயோகம் சொன்னார்கள். எண்பது தாண்டிய வண்டிமறித்தான் பாட்டையா தன் கழியை மேலும் கீழும் தடவி, பாடைக்கு இதுவே போதும் என்றார், கல்யாண வீட்டில் என்ன பேச்சு பேசுகிறீர் என்று அவரை அதட்டி ஒரு லட்டைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். நாயனக்காரர் மட்டும் ஏமாந்துபோனார். ஒரு புல்லாங்குழலுக்குத் துண்டு கிடைக்கும் என்று காய்ந்து விழுந்த சிம்பு ஒன்றைப் பொறுக்கி ஊதிப் பார்த்தார், ஊதினது அவர் காதுக்கே திரும்பி வந்தது. கல் மூங்கிலுக்கு உள்ளே ஓட்டை கிடையாது, அடியிலிருந்து கெட்டி.

இவ்வளவு உபயோகம் சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு கழியையும் வெட்டவில்லை. வெட்டினால் அது யாரோ ஒருத்தர். அதுவும் பந்தக்காலோடு சேர்ந்த புதர், இரும்பு படக் கூடாது. கையால் பிடுங்கலாம் என்று மாமாவும் திரவியம் அத்தானும் ஒரு பகல் முழுக்க ஆட்டிப் பார்த்தார்கள், மண்ணுக்குள் கிழங்கும் கிழங்கும் விரல் கோத்துக்கொண்டிருந்ததால் ஆடியது இவர்கள்தான்.

பந்தக்கால் நிற்கிறது, ஆகவே கல்யாணம் முடியவில்லை என்றார் அப்பா. கல்யாணம் முடியவில்லை, ஆகவே அடுப்பை அணைக்க முடியாது என்றார் தவசிப்பிள்ளை. அடுப்பு எரிகிறது, ஆகவே வாசிக்காமல் இருக்க முடியாது என்றார் நாயனக்காரர். அப்படியே தெரு பழகிவிட்டது, பழகாதது என்று எங்கள் தெருவில் எதுவும் இல்லை. காலையில் நாயனம் கேட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வளைந்து வந்த கழி நிழலில் கேரம் போர்டு வந்தது, தையல் மிஷின் வந்தது, உதிர்ந்த தழையைத் தின்று ஆடுகள் கொழுத்தன, உதிர்ந்த மூங்கில் மட்டையைப் பொறுக்கிப் பொடிப் பிள்ளைகள் தொப்பி வைத்துக்கொண்டு, மட்டையின் சுனை பட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டே வீட்டுக்கு ஓடினார்கள். இந்தச் சுனையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக முளைத்த மூங்கிலைப் போர்த்தியிருக்கிற மட்டையில் பழுப்பு நிறத்தில் பொடி முடி இருக்கும், பட்டால் அரிப்பு எடுக்கும். கழி முற்ற முற்ற மட்டை உதிர்ந்துவிடும், சுனையும் போய்விடும், தோல்மேல் இருக்கிற வெள்ளைப் பொடியும் போய்விடும். அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது.

கல்யாண வீட்டில் சண்டை போடக் கூடாது என்பதால், சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒருவரோடொருவர் மரியாதையாகப் பேச வேண்டியதாயிற்று, அது சிலருக்கு மூங்கிலைவிட அதிசயமாக இருந்தது. ஒரு வேலித் தகராறில் கல்யாணத்துக்கே வராத என் பெரியப்பா சங்கிலிபூதத்தான், தெரு முழுக்கக் கழி இருந்து தனக்கு இல்லை என்பதை எவ்வளவு நாள் பொறுப்பார், ஒரு மத்தியானம் யாரும் அழைக்காமலே வந்து பந்தியில் உட்கார்ந்தார். அம்மா இலை போட்டாள், அப்பாவே வந்து நெய் ஊற்றினார். மறுநாள் காலையில் புதரின் தென்பக்கத்தில் முரட்டுக் கழி ஒன்று முளைத்து முழு உயரத்துக்கு நின்றது. அதற்கப்புறம் வராதவர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். புதர் வெளிப்பக்கமாகவே பெருத்து, வீட்டின் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரை போனது, மூங்கில் புதர் அப்படித்தான், தாய் நடுவில், பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே, பேரன் அதற்கும் வெளியே.

இத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் அக்கா பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வழி ஒன்று இருந்தது. முதலில் நட்ட காலை, அந்த ஒன்றை மட்டும், பிடுங்கிவிட்டால் போதும் என்று அப்பாவே ஒப்புக்கொண்டிருந்தார். எது அது என்பதற்கு அடையாளம் மஞ்சள் துணி. ஊரே துணியைத் தேடியது, எங்கே தேடியது என்று கேளுங்கள். கழி இவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறதே, நெஞ்சு உயரத்தில் கட்டிய துணி மேலே போயிருக்கும் என்று எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மாமா ஏணி போட்டு ஏறி நுனி நுனியாகப் பார்த்தார், லைன்மேன் கரண்ட் கம்பத்தில் ஏறிப் பார்த்தார், தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்துப் பைனாகுலரைக் கொண்டுவந்து பார்த்தார். பந்திக்கு வந்த வனக்காவலர் ஒருவர், துணியைத் தேடி அலையாதீர்கள், மூங்கில் ஆயுசுக்கு ஒரு தடவை பூக்கும், பூத்தால் புதரே தானாகப் பட்டுப்போகும், அப்போது பிடுங்கிக்கொள்ளலாம் என்றார். அப்பாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

"எப்ப பூக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"அது இருக்கும்மா, ஒரு முப்பது நாப்பது வருசம்" என்றார் அவர், இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு.

அப்பா உடனே, அவசரம் ஒன்றுமில்லை, ஆடி வருகிறது, ஆடியில் பெண் தாய்வீட்டில்தானே இருக்க வேண்டும், ஆவணியில் பார்க்கலாம், புரட்டாசியில் நல்ல காரியம் கிடையாது என்று மாதம் மாதமாக அடுக்கிக்கொண்டே போனார். திரவியம் அத்தான் ஞாயிறுதோறும் தூத்துக்குடியிலிருந்து வந்து, அக்காவை ஒருதரம், புதரை ஒருதரம் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நான் அப்பாவைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். குரல் எடுக்க வேண்டுமென்றால் ஆளைக் கவனிக்க வேண்டும், அது என் தொழில். ஊரில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கையில் அப்பா ஒருத்தர் மட்டும் அண்ணாந்து பார்க்கவேயில்லை. புதரைச் சுற்றி வருகிற ஒவ்வொரு தடவையும் அவர் கண் நெஞ்சு உயரத்தில், நடுமையத்தில் போய் ஒரு நொடி நின்றுவிட்டுத் திரும்பியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூங்கில் மற்ற மரம் மாதிரி இல்லை, வரும்போதே எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமனோடு வருகிறது, முழு உயரத்துக்கு நின்ற பிறகு வளராது, கணு நகராது. நெஞ்சு உயரத்தில் கட்டிய துணி நூறு வருஷம் ஆனாலும் நெஞ்சு உயரத்தில்தான் இருக்கும். வாழ்நாளெல்லாம் மூங்கிலைப் பிடித்த கைக்கு இது தெரியாமலா இருக்கும். ஊரையே வானத்தைப் பார்க்கவிட்டு, பல்லில் கயிற்றோடு, அப்பா சும்மா இருந்தார். என்னைவிடப் பெரிய ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை அக்காதான் கண்டுபிடித்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஆனி முடிய இருந்த வாரம், அவள் கட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள், நான் அவளைச் சிரிக்கவைக்கத் துறைமுகச் சங்கின் சத்தத்தைச் செய்துகாட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"ஊருல எல்லாருக்கும் ஒரு கழி நிக்கி. நீ மட்டுந்தான்ட்டீ இன்னும் என் கல்யாணத்துல சாப்பிடல" என்றாள்.

நான் நேரம் கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தேன். எந்தக் குரலில் ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் போக வேண்டாம் என்று அப்பா துணியைக் காட்டாமல் இருந்தார், நான் சாப்பிடாமல் இருந்தேன். பிறகு எழுந்துபோய், பந்தியில் கடைசி இலையில், பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சோறு, சாம்பார், அவியல், அப்பளம், பாயசம், எல்லாம் சாப்பிட்டேன். அம்மா இரண்டாம் முறை பாயசம் ஊற்றும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள்.

விடிந்ததும் என் கழி வந்திருந்தது. வீட்டின் பின்பக்கம், மாமாவின் கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில், புதரின் ஆக வெளி ஓரத்தில், ஒல்லியாக, உடம்பெல்லாம் மட்டையும் சுனையும் வெள்ளைப் பொடியுமாக, காற்றே இல்லாதபோதும் சும்மா நிற்கத் தெரியாமல் ஆடிக்கொண்டு நின்றது. யாரும் பார்ப்பதற்குள் வேலையில் இறங்கினேன். மட்டைகளை உரித்தேன், ஈரச் சாக்கால் பொடியைத் துடைத்தேன், அடுப்புச் சாம்பலும் மஞ்சளும் குழைத்துப் பூசி அதற்கு வயசை ஏற்றினேன், தேங்காய்ச் சிரட்டையால் அடிமண்ணைப் பறித்து இளக்கினேன், இரும்பு படவில்லை. பிறகு வயிற்றை எக்கிக்கொண்டு புதருக்குள் பக்கவாட்டில் நுழைந்தேன். ஊரில் என்னைத் தவிர யாராலும் அது முடியாது, அம்மா என்னை ஒட்டடைக் குச்சி என்பது அன்றைக்குத்தான் உதவியது. ராசையாவை ஒதுக்கி, தலைமையாசிரியருக்கு மன்னிப்பு சொல்லி, பாட்டையாவின் முதுகைத் தடவி, நடுமையத்துக்குப் போனால், இருட்டுக்குள் மஞ்சளாக, என் நெஞ்சு உயரத்தில், துணி. அவிழ்த்துக்கொண்டு வந்து என் கழியில் கட்டினேன், அப்பா எனக்குக் கற்றுத்தந்த முடிச்சையே போட்டு.

கை, கழுத்து, தோள், எல்லாம் அரித்தது. வேர்க்குரு என்றேன், அம்மா வேப்பிலை அரைத்துப் பூசினாள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, திரவியம் அத்தான் வந்திருந்தார். மத்தியானப் பந்தி முடிந்து மாமா கட்டிலில் கண் அயர்ந்த நேரம் பார்த்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டு, சளி கட்டிய தவில் மாதிரி இருக்கிற மாமாவின் குரலை எடுத்து, அவர் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரியே, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி விட்டேன்.

"அத்தான், கெடச்சிட்டு. நான்தான் கண்டுபுடிச்சேன்."

தெருவே ஓடி வந்தது. தன் குரல் கேட்டுத் தானே விழித்துக்கொண்ட மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார், முன்னால் கூட்டம் நிற்கிறது, பக்கத்துக் கழியில் மஞ்சள் துணி தொங்குகிறது, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள். வேறு யாராவது என்றால் நான் கத்தவே இல்லையே என்று சொல்லியிருப்பார்கள். மாமா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆமாம், தூங்குகிற மாதிரி கிடந்தேனே தவிர என் கண் புதர்மேலேயேதான் இருந்தது என்றார்.

அப்பா கடைசியாக வந்தார். துணியைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். கண்ணைக் கொஞ்சம் இறக்கிக் கழியைப் பார்த்தால் போதும், பந்தல் தளவாயிடம் சாம்பலும் மஞ்சளும் எடுபடுமா. ஆனால் அப்பாவின் கண் துணியிலேயே நின்றுவிட்டது, பிறகு கூட்டத்துக்குப் பின்னால் கையில் பெட்டியோடு நின்ற அக்காவிடம் போனது, பிறகு எங்கேயும் போகவில்லை, ஏனென்றால் நிரம்பிவிட்டது.

"சரி. சொம்பக் கொண்டாங்க" என்றார்.

பெண்ணைப் பெற்றவர் பார்க்கக் கூடாது என்ற விதியை அப்பா தானே காப்பாற்றி, கிழக்கே திரும்பி நின்றார். மாமாவும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினார்கள், ஒருதரம், இன்னொரு தரம், சாரலில் நனைந்த மண் விட்டுக்கொடுத்தது, என் கழி கிழங்கோடு மேலே வந்தது. நாயனம் ஒலித்தது. பிடுங்கின காலை வாய்க்காலில் விடுவதுதான் வழக்கம், ஆனால் கிழங்கைப் பார்த்த அக்கா, இதைத் தூத்துக்குடியில் வீட்டுப் பக்கத்தில் நட்டுக்கொள்கிறேன் என்று கேட்டாள். அப்பா திரும்பிப் பார்க்காமலே தலையாட்டினார். சீர் சாமான் ஏற்றின குட்டியானை வண்டியில் பீரோவுக்கு மேலே அதை வைக்க வேண்டும், பாரம் கட்டுவது என்றால் அப்பாவைத் தவிர வேறு ஆள் கிடையாது, அப்பாவே அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார், பல்லில் கயிற்றைக் கடித்துக்கொண்டு கட்டினார், மிச்சக் கயிறு பல்லிலேயே நின்றுவிட்டது. அக்கா வண்டியின் முன்னிருக்கையில் ஏறினாள். என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அடிக்கடி வா, உன் கொரல்லயே பேசு" என்றாள். நான் சரி என்றேன், அது என் குரல்தான் என்று நினைக்கிறேன், கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

வண்டி நகர்ந்தது. தெருத் திரும்புகிற வரை மூங்கில் நுனி மட்டும் எல்லோருக்கும் மேலே ஆடிக்கொண்டே போனது, சும்மா இருக்கத் தெரியாமல்.

முதலில் மாமாதான் சொறிந்தார். முழங்கை, பிறகு முதுகு, பிறகு எந்தக் கை எந்த இடம் என்று தெரியாத வேகம். வேர்க்குருப்பா, கண்டுபிடிக்கிற வேலையில் உடம்பு சூடாகிவிட்டது என்று கட்டிலுக்குப் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். வண்டி திரும்பும்போது திரவியம் அத்தானின் கையும் கழுத்துக்குப் போனதை நான் பார்த்தேன்.

அப்பா தெருவிலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வலது தோளைத் தேய்த்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார். துண்டை எடுத்து உதறிப் பார்த்தார், உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்; சாம்பலுக்கு அடியிலிருந்து வந்த வெள்ளைப் பொடி ரேகையில் திருநீறு மாதிரி ஒட்டியிருந்தது, அதற்குள் பழுப்பாக, மிகச் சின்னதாக, ஒரு சுனை. அதை விரலால் சுண்டினார். பிறகு வீட்டைச் சுற்றி நடந்து பின்பக்கம் போனார், நானும் தள்ளியே போனேன். பிடுங்கின குழி புதரின் ஆக வெளி ஓரத்தில் இருந்தது, முதலில் நட்ட கால் நிற்கவே முடியாத இடத்தில். அப்பா அந்தக் குழியைப் பார்த்தார், நெஞ்சு உயரத்தில் நடுமையத்தைப் பார்த்தார், அங்கே பழைய கால், துணி இல்லாமல், யாராலும் பிடுங்க முடியாமல், எங்கள் வீட்டைக் கல்யாண வீடாகவே வைத்துக்கொண்டு நின்றது. பிடுங்கின புதிய கழி யாருடையதாக இருக்கும் என்று அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. நேற்று சாயங்காலம் கடைசி இலையில் உட்கார்ந்தவள் யார் என்று ஊருக்கே தெரியும்.

திரும்பி, வேப்பிலை பூசின என் கழுத்தைப் பார்த்தார்.

நான் ஓடுவதற்குத் தயாராக ஒரு காலை எடுத்து வைத்தேன். அப்பா வாயிலிருந்த கயிற்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார், தொண்டையைச் செருமினார், சளி கட்டிய தவில் மாதிரி, அச்சு அசலாக, எனக்குக்கூட அவ்வளவு சுத்தமாக வராத குரலில் சொன்னார்.

"அத்தான், கெடச்சிட்டு. நான்தான் கண்டுபுடிச்சேன்."

"ஆமா அத்தான், நான்தான்" என்றார் கட்டிலில் குப்புறக் கிடந்த மாமா, சொறிவதை நிறுத்தாமலே.

அப்பா வேலியோரம் உட்கார்ந்துவிட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.